அரண்மனையே இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சின்ன வயதில் செவ்வாய்க்கிழமை என்றால் ஆயாவோடு பாரிமுனைக்குப் போகிற நாள். அந்தோணியார் கோயிலுக்கு. ஆயா கிறிஸ்தவர் இல்லை, வீட்டில் முருகன் படத்துக்குத்தான் தினமும் பூ வைப்பார், ஆனால் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவதில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை; வடசென்னையில் இதெல்லாம் ஒரு அதிசயமே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு, "அரமனக்காரன் தெரு இந்தாண்ட கீது, வா" என்று இழுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், "அரமன எங்க ஆயா?" அவரும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்: "அத்த எப்பவோ இட்ச்சிட்டாங்க கண்ணு."

அந்தப் பதிலை ரொம்ப வருஷம் நம்பினேன். அப்புறம் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தபோது கடைப் பலகைகளில் அதே தெருவுக்கு ஆர்மேனியன் ஸ்ட்ரீட் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் வேறு பெயர், ஒன்று இன்னொன்றின் மொழிபெயர்ப்பும் இல்லை. ஒரே தெருவுக்கு எப்படி இரண்டு கதை இருக்க முடியும்? இந்தக் கட்டுரை அந்த ஒரு தெருப்பெயரைப் பிரித்துப் பார்க்கும் வேலை. நடுவில் வேறு தெருக்களும் வரும், ஏனென்றால் சென்னையில் இந்த வியாதி ஒரு தெருவோடு நின்றதில்லை.

தெரு இருக்கும் இடம்

உயர் நீதிமன்றத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு, என்.எஸ்.சி. போஸ் சாலையில் வடக்கே பார்த்து நின்றால், ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக உள்ளே போகும். தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, அதோடு இந்த அரண்மனைக்காரன் தெரு, பக்கத்திலேயே பிராட்வே. இன்றைக்கு இங்கே பேப்பர் கட்டும் பைப்பும் ஏற்றிய மீன்பாடி வண்டிகள்தான் கண்ணில் படும், மாலை ஏழு மணிக்கு மேல் ஷட்டர் இறங்கினால் தெருவே வெறிச்சோடிவிடும். ஆனால் ஒரு காலத்தில் இதெல்லாம் ஆட்கள் குடியிருந்த தெருக்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு வியாபாரம் செய்தவர்கள், அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷிகள், கணக்கர்கள், கோயில்காரர்கள் என்று எல்லோருக்கும் வீடு இங்கேதான். ஊருக்கு அப்போது பெயர் கறுப்பர் நகரம். ஐந்தாம் ஜார்ஜ் பெயரை வைத்து 1911-இல் ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள்.

இந்தத் தெருவில் என்னென்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தோணியார் கோயில் என்று எல்லோரும் சொல்லும் புனித மரியன்னை இணைப் பேராலயம். அன்னி பெசன்ட் காலத்தில் எழுந்த கோகலே மண்டபம். பின்னி கம்பெனியின் பழைய அலுவலகம். அப்புறம், பெரிய மரக்கதவுக்குப் பின்னால், வெளியில் கூச்சல் போடுகிற தெருவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் ஒரு அமைதியான தேவாலயம். அர்மேனியத் தேவாலயம். 1772-இல் கட்டியது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். முற்றத்தில் நடக்கும்போது காலடியில் கல்லறைப் பலகைகள், யாராலும் வாசிக்க முடியாத கொக்கி கொக்கியான எழுத்துகளோடு.

அரண்மனை இருந்ததா?

ஆயா சொன்னதை முதலில் சோதிக்க வேண்டும், அதுதான் மரியாதை. அரண்மனை இருந்து இடித்துவிட்டார்களா?

சென்னையில் உண்மையான அரண்மனை என்றால் ஆற்காடு நவாப் சேப்பாக்கத்தில் 1768 வாக்கில் கட்டிக்கொண்டதுதான். அது கூவத்துக்குத் தெற்கே, இங்கிருந்து நல்ல தூரம். கறுப்பர் நகரத்துக்குள் எந்த ராஜாவும் உட்கார்ந்து ஆளவில்லை, ஆண்டதெல்லாம் கோட்டைக்குள் இருந்த கம்பெனி கவர்னர். சரி, அரண்மனை வேண்டாம், ஏதாவது ஜமீன்தாரின் ஆள், "அரண்மனைக்காரர்" என்று ஊரார் அழைத்த ஒருவர் இங்கே குடியிருந்திருக்கலாமே? தென்மாவட்டங்களில் ஜமீன் வீட்டை அரண்மனை என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு, அதனால் இந்த ஊகத்தை உடனே தூக்கிப் போட முடியாது.

ஆனால் பக்கத்துத் தெருக்கள் இதற்கு ஒத்துவரவில்லை. ஜார்ஜ் டவுனில் தனி ஆளின் பெயரில் தெரு என்றால் பெயரும் சாதிப் பட்டமும் சேர்ந்தே வரும்: தம்பு செட்டி, லிங்கி செட்டி, கோவிந்தப்ப நாயக்கன், நைனியப்ப நாயக்கன். பெயரே சொல்லாமல் வெறும் "காரன்" என்று வந்தால் அது ஒரு கூட்டத்தைக் குறிக்கும். இதற்குச் சாட்சி கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது, பவளக்காரத் தெரு. லண்டனிலிருந்து யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வியாபாரம் நடந்த காலத்துப் பெயர் அது. பின்னாளில் நகரத்தார் வந்து அந்தத் தெருவில் கிட்டங்கியும் விடுதியும் வைத்துக்கொண்டதால், பவளம் விற்றது செட்டியார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். அது கிடக்கட்டும். பவளக்காரன், வெள்ளைக்காரன், அரண்மனைக்காரன் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சொற்கள். நாம் தேட வேண்டியது ஒரு ஆளை இல்லை, ஒரு கூட்டத்தை.

கூட்டம் யார் என்பது ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அர்மேனியன் எப்படி அரண்மனைக்காரன் ஆனான் என்பதுதான் சுவாரசியமே.

பாரசீகத்திலிருந்து வந்தவர்கள்

அர்மேனியர் என்றாலும் சென்னைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நேராக அர்மேனியாவிலிருந்து வரவில்லை. பாரசீகத்தில் இஸ்பகான் பக்கத்தில் ஷா அப்பாஸ் குடியேற்றிய ஜுல்பா என்ற குடியிருப்பு, பட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது, அங்கிருந்து கிளம்பியவர்கள். 1688-இல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி இவர்களோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கம்பெனியின் எந்த ஊரிலாவது 40 அர்மேனியர் குடியேறிவிட்டால், தேவாலயம் கட்டக் கம்பெனியே இடம் கொடுக்கும், பாதிரியாருக்கு ஏழு வருஷம் வருஷத்துக்கு 50 பவுன் படியும் கொடுக்கும். பக்தியால் கொடுத்த சலுகை இல்லை. அந்த வணிகர்கள் வந்தால் பாரசீக வியாபாரமும் பின்னாலேயே வரும் என்ற கணக்கு.

கணக்கு பலித்தது. 1712-இல் சென்னையில் முதல் அர்மேனியத் தேவாலயம். 1720-களில் வந்து சேர்ந்த கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்பவர் ஊரிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியது அவர் பணம், பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கைங்கரியம். 1751-இல் இறந்தபோது உடலை வேப்பேரியில் அடக்கம் செய்துவிட்டு, இதயத்தை மட்டும் பெட்டியில் வைத்து ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள் என்பது வரலாறு. உலகின் முதல் அர்மேனியப் பத்திரிகையும் 1794-இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அஸ்தரார் என்று பெயர். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை இந்தத் தெருத் தேவாலய முற்றத்தில் இருக்கிறது.

இவர்கள் கோட்டையை விட்டு இந்தத் தெருப் பக்கம் வரக் காரணம் பிரெஞ்சுக்காரர்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. திரும்பி வந்த ஆங்கிலேயருக்கு எல்லார் மேலும் சந்தேகம். கத்தோலிக்கர்களும் அர்மேனியர்களும் கோட்டைப் பக்க வெள்ளையர் நகரத்தில் வீடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தையும் பீரங்கி சுடத் தடையாக இருக்கிறதென்று இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் வெளி அப்படி உண்டானதுதான். அர்மேனியரும் வடக்கே தள்ளி, அவர்களுடைய மயானமும் சிற்றாலயமும் இருந்த இடத்தில், 1772-இல் இப்போதைய தேவாலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். வீடும் அதைச் சுற்றியே. தெருவுக்கு இந்தப் பெயர் ஒட்டியிருந்தால் அது இந்தக் காலத்தில்தான் ஒட்டியிருக்க வேண்டும்.

காது செய்த வேலை

இப்போது சொல்லுக்கு வருவோம். தமிழ்க் காதுக்கு "அர்ம" என்பது இடறும் ஒலி. தனிக்குறிலுக்குப் பின்னால் ர் ஒற்றாக நிற்காது என்று தொல்காப்பியமே விதி சொல்லி வைத்திருக்கிறது. விதி தெரியாதவர்கள் வாயும் அதைத்தான் செய்யும்: தர்மம் தருமமாகும், கர்மம் கருமமாகும். அப்படியென்றால் அர்மேனி என்பது அரமேனியாகவோ அருமேனியாகவோ ஆகியிருக்க வேண்டும். அதிலிருந்து அரண்மனைக்குப் போவது கொஞ்சம் தாண்டல்தான், "மே" என்ற நெடில் நடுவில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இதுதான் என்னை நெடுநாள் உறுத்தியது. நெடிலை அவ்வளவு சுலபமாக யாரும் விழுங்க மாட்டார்கள்.

விடை கிடைத்தது சென்னையில் இல்லை, டாக்காவில். அங்கே ஒரு அர்மேனியத் தேவாலயம் உண்டு, 1781-இல் கட்டியது. அது இருக்கும் பேட்டையின் பெயர் அர்மானிடோலா. கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் அர்மேனியர் கட்டிய படித்துறைக்கு உள்ளூர்ப் பெயர் அர்மானி காட். ஏனென்றால் பாரசீகத்திலும் இந்துஸ்தானியிலும் அவர்களுக்குப் பெயர் அர்மனி. அந்தக் காலத்து பஜாரில், கப்பல்துறையில், தரகர் வாயில் புழங்கியது இந்தச் சொல். சென்னைத் தமிழன் தன் பக்கத்து வீட்டு வணிகனை ஆங்கிலேயனிடம் கேட்டா தெரிந்துகொள்வான்? துபாஷியிடமும் இந்துஸ்தானி பேசும் பட்டாணியரிடமும் கேட்டிருப்பான். அவன் காதில் விழுந்தது ஆங்கில ஆர்மேனியன் இல்லை, அர்மனி. என் முடிவு இதுதான்: இந்தப் பெயர் ஆங்கிலத்தின் திரிபு என்று வழக்கமாகச் சொல்வது அரைகுறை, இது பஜார்ச் சொல்லின் திரிபு.

இப்போது பாருங்கள். அர்மனி, தமிழ் வாயில் அரமனி. அதோடு காரன் சேர்ந்தால் அரமனிக்காரன். அரண்மனையை நாம் யாராவது ண் போட்டு முழுசாகச் சொல்கிறோமா? அரமனை, அதையும் சென்னையில் அரமன. அரமனிக்காரன், அரமனக்காரன். வேகமாகச் சொன்னால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான். ஆயா சொன்ன அதே உச்சரிப்பு! அவர் தப்பாகச் சொல்கிறார், சரியான சொல் அரண்மனை என்று பள்ளிக்கூடம் போன நான் திருத்தியதுண்டு. பழைய பெயருக்குப் பக்கத்தில் இருந்தது அவர்தான்.

என்னைப் போலவே திருத்திய இன்னொருவரும் இருந்திருக்கிறார். அரமனக்காரன் என்று ஊர் சொல்வதை முதலில் பலகையிலோ பத்திரத்திலோ எழுதிய ஏதோ ஒரு குமாஸ்தா. பேச்சுவழக்கை அப்படியே எழுதினால் கொச்சை என்று நினைத்து, இலக்கணமாக ண் சேர்த்து அரண்மனைக்காரன் என்று எழுதிவிட்டார். அந்த ஒற்றை எழுத்தோடு அர்மேனியர் தெருவை விட்டுப் போய்விட்டார்கள், ஒரு ராஜா குடிவந்துவிட்டார். காது பாதி வேலை செய்தது, மீதியைப் பேனா முடித்தது. ஊரார் இந்தப் பெயரை எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்ள இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது: அந்த வணிகர்களின் வீடுகள் பெரியவை. பட்டு அங்கியும் பல்லக்குமாக அவர்கள் போவதைப் பார்த்தவனுக்கு அரமனைக்காரன் என்ற சொல் பொருந்தாமலா இருந்திருக்கும்?

அதே கதை, வேறு முடிவு

இந்தத் தெரு ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலி. ஆங்கிலப் பெயர் பக்கத்திலேயே உயிரோடு இருந்ததால் துப்புக் கிடைத்தது. மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாயின் மேல் இருந்த ஹாமில்டன் பாலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தமிழில் ஹ விழுந்து அமில்டன் ஆயிற்று. அமில்டன் வாராவதி என்பது காதுக்குக் காது போய் அம்பட்டன் வாராவதி ஆயிற்று (பாலத்தை வாராவதி என்று சொன்ன தலைமுறை இப்போது அநேகமாகப் போய்விட்டது, நல்ல சொல்). இதுவரை நம் தெருக் கதையேதான். ஆனால் இங்கே இன்னொரு கை நுழைந்தது. தமிழ்ப் பெயரைக் கேட்ட ஆங்கிலம் எழுதும் யாரோ, ஓகோ, சவரத் தொழிலாளி என்று பொருளா என்று அதைத் திரும்ப ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் கிளம்பிய பெயர், தமிழுக்கு வந்து, ஒரு சாதியின் பெயராகி, அதுவும் ஏச்சாகப் பயன்பட்ட பெயராகி, மறுபடி ஆங்கிலத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஹாமில்டன் தடயமே இல்லாமல் அழிந்தார். பின்னாளில் பாலத்துக்கு அம்பேத்கர் பெயரை வைத்தார்கள். பஸ்ஸில் இன்னமும் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று டிக்கெட் கேட்கிறவர்கள் உண்டு.

திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை. மெட்ரோ நிலையமே இருக்கிறது இப்போது. எந்தச் சாமியின் காலடி? சாமி இல்லை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட். நெசவாளர்களைக் குடியேற்றி அவர் பெயரில் உண்டாக்கிய காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடி ஆனது. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் இருப்பதால் காலடிக்குப் பெருமாளின் பாதம் என்று பொருள் சொல்வது ரொம்ப இயல்பாகப் பொருந்தியும் விடுகிறது.

எனக்கு இதில் உச்சம் என்று படுவது பாரிமுனை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளலின் பெயரை எந்தத் தமிழார்வலர் இங்கே வைத்தார் என்று கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் கேட்டான், கிண்டலாக இல்லை, நிஜமாகவே. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எழுத்தில் இரண்டு பாரிக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் கிடையாது. இந்தப் பாரி 1788-இல் வேல்ஸிலிருந்து வந்த தாமஸ் பாரி, வியாபாரி. தேர் கொடுத்ததாகத் தகவல் இல்லை. இதே குழப்பத்தின் தம்பிதான் மூர் தெருவும் மூர் மார்க்கெட்டும். மண்ணடியின் மூர் தெரு முஸ்லிம் வணிகர்களை ஐரோப்பியர் மூர்கள் என்று அழைத்ததால் வந்தது. 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட், மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயரில் வந்தது. ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு எழுத்து வித்தியாசம், தமிழில் அதுவும் போச்சு.

பழியெல்லாம் நம் காதின் மேல் போடவும் வேண்டாம். உஸ்கான் கட்டின சைதாப்பேட்டைப் பாலத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் மர்மலாங் பாலம். ஏதோ போர்ச்சுகீசிய மாலுமி பெயர்போல் இருக்கிறதல்லவா? மாம்பலம்! மாம்பலத்தைத்தான் அவர்கள் காது அப்படிக் கடித்துத் துப்பியிருக்கிறது. 1960-களில் பழைய பாலத்தின் இடத்தில் புதுப்பாலம் கட்டி மறைமலை அடிகள் பாலம் என்று பெயரிட்டார்கள். மர்மலாங், மறைமலை. தற்செயலோ, யாராவது காதில் பழசின் ஓசை ஒட்டிக்கொண்டிருந்ததோ, சொல்லிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆயா கட்சிக்கும் சாட்சி உண்டு

புரியாத பெயரைப் பார்த்ததும் வெள்ளைக்காரன் பெயர் திரிந்தது என்று தீர்ப்பெழுதும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, அது ஒரு தொத்துவியாதி. அதற்கு மருந்து பாண்டி பஜார். கேட்டவுடன் பாண்டிச்சேரிச் சரக்கு விற்ற இடம் என்று தோன்றும், அப்படி ஒரு கதையும் உலவுகிறது. மாநகராட்சிப் பெயரைப் பார்த்தால் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நீதிக்கட்சிக்காரர், 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார். தியாகராய நகரே நீதிக்கட்சியின் வருகைப்பதிவேடு மாதிரிதான்: ஊரின் பெயர் பிட்டி தியாகராயர், பூங்கா பனகல் ராஜா, இன்னொரு பூங்கா நடேச முதலியார், சாலை உஸ்மான். பாண்டி என்பது இந்த வரிசையில் கச்சிதமாக உட்காருகிறது, பாண்டிச்சேரி உட்காரவில்லை. இங்கேயும் பக்கத்துத் தெருக்கள்தான் தீர்ப்புச் சொல்கின்றன.

இன்னொன்று மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு. ஏரி தெரியும் சாலை என்று பெயர், மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் தெரிவது அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நுங்கம்பாக்கம் தொடங்கி மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். இந்தத் தெருவில் மட்டும் ஆயாவின் பதில் அச்சுக்கு அச்சு சரி: இருந்தது, எப்பவோ எடுத்துட்டாங்க. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ஏரி தன் முகவரியை மறக்கவில்லை என்று தெரியும்.

சென்ட்ரல் பக்கத்து வால்டாக்ஸ் ரோடு இந்த இரண்டிலும் சேராது. வால்டாக்ஸ் என்று ஒரு துரை இருந்தார், தொப்பி போட்டிருப்பார் என்று நான் மனசில் படமே வரைந்து வைத்திருந்தேன். துரை இல்லை, சுவர் வரி. ஹைதர் அலியின் குதிரைப்படை வந்து மிரட்டிவிட்டுப் போன பிறகு, 1769 வாக்கில் கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனி மதில் எழுப்பியது. அந்தச் செலவை உள்ளே குடியிருப்பவர்களிடமே வரியாக வாங்கத் திட்டம் போட்டார்கள். வரியை வசூலிக்கவே முடியவில்லை. மதிலும் ஒரு துண்டு போக இடிந்துபோனது. இல்லாத மதிலுக்கு வாங்காத வரியின் பெயர் மட்டும் 250 வருஷமாகப் பாக்கியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாளைய புதிர்கள்

எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பட்டத்தை நீக்கச் சொன்னார்கள். காரணம் நியாயமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பட்டத்தை வெட்டியவர்கள் மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்கவில்லை. தம்பு செட்டி தெரு பலகையில் தம்பு தெரு ஆனது. ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆனது. அது கோபதி நாராயணசாமி செட்டி என்ற மனிதர் என்பது இரண்டு எழுத்துக்குள் சுருண்டு படுத்துவிட்டது. இன்னும் நூறு வருஷம் கழித்து யாராவது உட்கார்ந்து, தம்பு என்பது தம்பியின் திரிபு, இங்கே அண்ணன் தம்பி இருவர் வாழ்ந்தனர் என்று எழுதத்தான் போகிறார்கள், கூடவே அந்த அண்ணனுக்கு ஒரு கதையும் பிறக்கும். சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் போனால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அர்த்தம் தெரியாத பெயரை நாலு பேர் விசாரிப்பார்கள், பளிச்சென்று அர்த்தம் தெரிகிற அரண்மனை, காலடி, பாரி மாதிரிப் பெயர்களை ஒருத்தரும் விசாரிப்பதில்லை. திரிபு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் ஏது?

போன மாதம் எழும்பூரிலிருந்து மறுபடி போனேன், தேவாலயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்று. ஆராய்ச்சி நினைப்பில் ஆட்டோக்காரரிடம் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு இருநூறு என்றார். "இல்லண்ணே, அரமனக்காரன் தெரு, அந்தோணியார் கோயிலாண்ட" என்றேன். "அத்த மொதல்லயே சொல்றதுதான" என்று மீட்டர் பக்கம்கூடத் திரும்பாமல் நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார்.